பத்தொன்பதாம் சேனலில் ஊறுகாய்

பழைய சாமான் சந்தையில் 15 டாலருக்கு ஒரு சி.பி. ரேடியோ கிடைத்தது. லாரிக்காரர்கள் ஓட்டிக்கொண்டே ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் ரேடியோ. டயலில் 23 எண்கள்தான். வயது அதிலேயே தெரிந்துவிட்டது: அமெரிக்காவில் சி.பி. சேனல்கள் 40 ஆனது 1977 ஜனவரி 1-இல். இது அதற்கு முந்தைய பிறவி. "ஆன் ஆகும், அதற்கு மேல் கேட்காதே" என்றார் விற்றவர். நியாயமான பேச்சு.

வாங்கியதற்குக் காரணம், அயோவா மாநிலத்து டி மொயின் நகரில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர். 1974-இலிருந்து முப்பத்தைந்து வருடம் லாரி ஓட்டியவர். அவர் சொல்லும் கதையில் பாதி ரேடியோவில்தான் நடக்கும்.

முதல் வாரம் முழுக்கத் துடைப்புதான். மூடியைக் கழற்றினால் உள்ளே கம்பளி மாதிரி தூசி. வால்யூம் குமிழைத் திருப்பினால் கரகரவென்று சத்தம். கான்டாக்ட் கிளீனர் அடித்ததும் அடங்கியது. தலை உப்பியிருந்த இரண்டு கெப்பாசிட்டர்களை மாற்றினேன். ஸ்குவெல்ச் குமிழ் மட்டும் மசியவில்லை. யாரும் பேசாதபோது இரைச்சலை அடைத்து வைப்பது அதன் வேலை. இதுவோ ஒன்று எல்லாவற்றையும் அடைக்கிறது, இல்லை எல்லாவற்றையும் திறந்துவிடுகிறது. ஆன் செய்தபோது தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி இருந்தது.

சாயங்காலம் பெரியவர் வந்து பார்த்தார். மைக்கை எடுத்துக் கையில் எடை பார்த்தார். 1973 கடைசியில் டீசல் கிடைக்காமல் பங்க் பங்காக அலைந்தார்களாம். 1974 ஜனவரியில் நாடு முழுக்க வேக வரம்பு 55 மைல் என்று சட்டம் வேறு வந்துவிட்டது. ஓடிய மைலுக்குக் கூலி வாங்குகிறவனுக்கு அது வயிற்றில் அடி. எந்த பங்கில் டீசல் இருக்கிறது, எந்தப் பாலத்தடியில் போலீஸ் நிற்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளத்தான் ஆளுக்கொரு ரேடியோ வாங்கினார்கள்.

போலீஸ் என்று யாரும் சொல்வதில்லை. கரடி. காட்டுத்தீ எச்சரிக்கைச் சுவரொட்டியில் வரும் ஸ்மோக்கி கரடியின் தொப்பியும் மாநிலப் போலீஸின் தொப்பியும் ஒரே மாதிரி. ஹெலிகாப்டரில் வந்தால் வானத்துக் கரடி. எடை போடும் நிலையம் கோழிக்கூடு. சாலையில் கிழிந்து கிடக்கும் டயர்ப் பட்டை முதலை. வரிசையாகப் போகும் லாரிகளில் முதல் வண்டி முன்வாசல், கடைசி வண்டி பின்வாசல், நடுவில் போகிறவன் சாய்வு நாற்காலி. அவனுக்கு மட்டும் கவலையே இல்லை, கரடி கடித்தால் முன்னாலோ பின்னாலோதான் கடிக்கும்.

எல்லோருக்கும் ஒரு புனைபெயர் உண்டு. அன்றைய அமெரிக்க அதிபர் ஃபோர்டின் மனைவி பெட்டி ஃபோர்டே சி.பி.யில் 'ஃபர்ஸ்ட் மாமா'. (நம் காதுக்கு அது வேறு மாதிரி விழுகிறது, என்ன செய்ய.) நம் பெரியவர் 'ஆறின காபி'. பெயரை நாமே வைத்துக்கொள்ளக் கூடாதாம். அன்று நான் தயிர்சாதமும் மாங்காய் ஊறுகாயும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அங்கேயே எனக்குப் 'பிக்கிள்' என்று பெயர் வைத்துவிட்டார்.

இரண்டாவது வாரம் ஆன்டெனா. இதில்தான் சறுக்கினேன். நாலடி ஆன்டெனாவைக் காரின் பின்கதவு விளிம்பில் பிடிப்பு போட்டு மாட்டினேன். எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரில் முள் 3-ஐத் தாண்டி நின்றது. அனுப்பும் சக்தியில் நல்ல பங்கு திரும்பி ரேடியோவுக்கே வருகிறது என்று அர்த்தம். அதிகபட்சம் அனுமதித்ததே 4 வாட்; அதுவும் திரும்பி வந்தால் எங்கே போய்ச் சேரும்? அப்படியே பேசிக்கொண்டிருந்தால் டிரான்சிஸ்டரும் போய்விடும். இரண்டு நாள் ஆன்டெனா நீளத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தேன், முள் அசையவில்லை. பெரியவர் குனிந்து பிடிப்பின் திருகை நகத்தால் சுரண்டினார். "பெயின்ட் மேல் உட்கார்ந்திருக்கிறது. இரும்பைத் தொடவே இல்லை." பெயின்ட்டைச் சுரண்டித் திருகை மறுபடி முடுக்கியதும் முள் 1.5-க்கு இறங்கியது. காரைச் சுரண்டியதற்கு வீட்டில் நடந்த விசாரணை தனி.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஐ-80 நெடுஞ்சாலையில் கிழக்கே கிளம்பினோம், வால்காட் வரை. அங்கேதான் உலகத்திலேயே பெரியது என்று சொல்லிக்கொள்ளும் லாரி நிறுத்தம் இருக்கிறது. ரேடியோவை லாரிக்காரர்கள் பேசும் சேனல் 19-இல் வைத்தோம், அதாவது 27.185 மெகாஹெர்ட்ஸ். முதல் அரை மணி நேரம் இரைச்சல் மட்டும். அப்புறம் திடீரென்று தெற்கத்திய உச்சரிப்பில் யாரோ பேசினார்கள். வானத்தின் மேலடுக்கான அயனமண்டலத்தில் பட்டுத் தெறித்து எங்கிருந்தோ வரும் குரல். "அது உதவாது. அவன் சாலை வேறு, நம் சாலை வேறு" என்று பெரியவர் கையை வீசினார்.

உதவியது எது என்று அப்போதுதான் சொன்னார். வயோமிங்கில் எல்க் மலைப் பக்கம் ஒரு இரவு பனிக்காற்று, பானட் முனைகூடத் தெரியவில்லை. முன்னால் போனவன் மைல் கல் வரும்போதெல்லாம் எண்ணை ரேடியோவில் சொல்லிக்கொண்டே போனானாம். 262. 263. பின்னால் ஏழெட்டு லாரி, அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு. அவன் முகத்தைக் கடைசிவரை பார்க்கவில்லை.

கிரினெல் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் தெளிவாக ஒரு குரல்: "கிழக்கே போகிறவர்களே, 211-ஆம் மைலில் இடது தடத்தில் முதலை." எதிரே மேற்கு நோக்கி வரும் லாரி. அவன் கடந்து வந்த சாலை எனக்கு வரப்போகிற சாலை. "எனக்கு வரும் சாலை எப்படி இருக்கிறது?" என்று கேட்டான். கை வியர்த்தது. 180 பக்கம் பாலத்தடியில் நின்றதைச் சொல்லக் 'கரடி' என்ற வார்த்தை வாயில் வரவில்லை; "போலீஸ் கார் ஒன்று" என்று உளறினேன். சிரித்தான். பெயர் கேட்டான். பிக்கிள் என்றேன். மறுபடி சிரித்தான். இரண்டு பேரும் 70 மைல் வேகத்தில் எதிரெதிராகப் போனால் மூன்று நிமிடத்தில் ஏழு மைல் பிரிவு; சிரிப்பு பாதியிலேயே இரைச்சலில் கரைந்தது. 211-இல் முதலை கிடந்தது. ஆறடி இருக்கும்.

திரும்பும்போது, நியூட்டன் தாண்டியதும் பெரியவர் கேட்காமலே மைக்கை எடுத்து, பத்தொன்பதாம் சேனலில் குறுக்கே பேச இடம் கேட்கும் வாசகத்தோடு ஆரம்பித்தார். "பிரேக்கர் ஒன்-நைன். ஆறின காபி பேசுகிறேன். கோழிக்கூடு திறந்திருக்கிறதா?" எங்களிடம் இருந்தது ஒரு சின்ன கார், அதில் பாதி சாப்பிட்ட சிப்ஸ் பாக்கெட்.

"மூடியிருக்கு. ஓட்டு" என்றது ஒரு குரல்.

ஸ்குவெல்ச் குமிழுக்குப் புது பாகம் ஆர்டர் போட்டிருக்கிறேன்.