கழுத்தைத் தாங்கும் எஃகு

புஹுர்ட் என்னும் கவசச் சண்டை விளையாட்டின் களத்தில் இறங்க விரும்புகிறவர்களில் பலர் தலைக்கவசத்தைத் தேர்ந்தெடுக்க மாதக்கணக்கில் செலவிட்டுவிட்டு, கழுத்து விஷயத்தில் மட்டும் கிடைத்ததை மாட்டிக்கொள்வதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதைக்கிறது. 2010-இல் உக்ரைனின் ஹோட்டின் கோட்டையில் நடந்த முதல் ‘நாடுகளின் போர்’ போட்டிக்குப் பின் உலகெங்கும் பரவிய இந்த விளையாட்டில், இடைக்கால ஐரோப்பியக் கவசங்களை அணிந்தவர்கள் முனை மழுங்கிய எஃகு வாள்களாலும் கோடரிகளாலும் முழு பலத்துடன் மோதுகிறார்கள். பின்கழுத்தில் வெட்டுவதையும் ஆயுத முனையால் குத்துவதையும் விதிகள் தடுக்கின்றன. ஆனால் ஐவருக்கு ஐவர் முட்டி மோதும் நெருக்கடியில், தோளுக்கு ஓங்கிய கோடரி எதிராளி குனிந்த கணத்தில் எங்கே போய் விழும் என்பதை எந்த விதியாலும் கட்டுப்படுத்த முடியாது.

அடியைக் காட்டிலும் நான் அஞ்சுவது விழுதலைத்தான். இரு பாதங்களைத் தவிர உடலின் வேறு பகுதி தரையைத் தொட்டவர் ஆட்டமிழப்பார் என்பதால், ஆயுதச் சண்டையில் பாதி மல்யுத்தமாகவே இருக்கிறது. மனிதத் தலையின் எடையே ஏறக்குறைய 5 கிலோ. அதன்மேல் அதே அளவுக்கு நெருங்கும் எஃகும் சேர்ந்து, எதிராளி தலைக்கவசத்தைப் பிடித்துப் பின்னால் தள்ளும்போது, அத்தனை சுமையும் ஏழு கழுத்தெலும்புகளின் மீது இறங்குகிறது.

தலைக்கவசத்தின் விளிம்பிலிருந்து தோள்வரை தொங்கும் ‘அவென்டெயில்’ என்ற, சிறு உலோக வளையங்களைக் கோத்துச் செய்த திரையைப் பலரும் போதுமென்று நம்புகிறார்கள். சுவீடனின் கோட்லாண்ட் தீவில் 1361-இல் நடந்த விஸ்பி போரில் இறந்தவர்கள் பலர் வளையக் கவசத்தோடே புதைக்கப்பட்டார்கள். துருவேறிய வளையங்களுக்குள் மண்டையோடு அப்படியே இருக்கும் நிலையை இன்றும் அங்குள்ள அருங்காட்சியகத்தில் காணலாம். வளையங்கள் கூரிய விளிம்பு சதையை அறுப்பதைத் தடுக்கும். அடியின் விசையை உள்ளே கடத்திவிடும். நம் களத்திலோ ஆயுதங்களுக்குக் கூர்மையே கிடையாது. ஆகவே வளையத்தின் தலைசிறந்த பயன் இங்கே பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. தேவைப்படுவது அதனிடம் இல்லை.

14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவெடுத்த ‘பெரும் பாசினெட்’ என்ற தலைக்கவசம் இதற்கு நேரடியான விடை தந்தது. கழுத்துத் தகடு தலைக்கவசத்தோடு இணைந்து மார்பிலும் முதுகிலும் பூட்டப்படுவதால், தலையில் விழும் அடி தோள்களுக்குப் போய்விடுகிறது. ஆனால் அதை அணிந்தவர் பக்கவாட்டில் பார்க்க உடம்பையே திருப்ப வேண்டும். தனிச் சண்டையில் இது பொறுத்துக்கொள்ளக்கூடிய குறை. குழுச் சண்டையில் பக்கத்திலிருந்து ஓடிவருபவனைக் கவனிக்கத் தவறினால் கதை முடிந்தது.

அதனால் குழுவில் ஆடுகிறவர்களுக்கு என் பரிந்துரை, அவென்டெயிலுக்குள் மறைவாக அணியும் எஃகுக் கழுத்துப்பட்டை. அதன் கீழ் விளிம்பு காறை எலும்பின் மீது அழுந்தாமல் தோள்களில் பரவி உட்கார வேண்டும். உள்ளே தைத்த தடித்த பஞ்சு அடுக்கு தாடைக்கடியில் மூச்சை நெருக்கக் கூடாது. மேல் விளிம்பை வெளிப்புறமாக உருட்டி மடித்திருக்க வேண்டும், இல்லையேல் விழும்போது அதுவே தொண்டையை வெட்டும். வாங்குவதற்கு முன் முழுக் கவசத்தையும் அணிந்து, இரு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தி, மெல்ல அண்ணாந்து பாருங்கள். தலைக்கவசத்தின் பின்விளிம்பு பட்டையின் மேல் வந்து நின்றால் அந்த அளவு சரி. பட்டையைத் தாண்டி வெறுங்கழுத்தில் இடித்தால், அதைக் கொல்லரிடமே திருப்பிக் கொடுத்துப் பின்புறத்தை உயர்த்தித் தரச் சொல்லுங்கள்.