முகம் பார்த்துப் புரிந்துகொள்ளத் தெரியாத பிள்ளையா?

ஏடிஎச்டி (கவனம் நிலைக்காமை, அடங்காத துறுதுறுப்பு) உள்ள பிள்ளைகளைப் பற்றி "இவனுக்கு அடுத்தவர் மனசே புரியாது" என்று யாராவது சொன்னால் எனக்கு நெஞ்சு எரிகிறது. என் மகனைப் பற்றியும் சொல்லியிருக்கிறார்கள். எதிரே இருப்பவர் முகம் சிவந்த பிறகும் சீண்டுவதை நிறுத்தவில்லை, அதனால் கல்நெஞ்சுக்காரன், அவ்வளவுதான் தீர்ப்பு.

முகபாவத்தை அடையாளம் காணும் சோதனைகளில் இந்தப் பிள்ளைகள் சராசரியாகக் கொஞ்சம் பின்தங்குகிறார்கள் என்பது உண்மைதான். சிரித்த முகத்தில் பெரிய சிக்கல் இல்லை, கோபத்திலும் பயத்திலும்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். எல்லாப் பிள்ளைகளும் அல்ல, எல்லா ஆய்வுகளும் ஒரே முடிவைச் சொல்லவும் இல்லை. அப்புறம், முகபாவம் புரிவதைக் கடினமாக்கக்கூடிய ஆட்டிசமும் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோயறிதல் கையேடான டிஎஸ்எம்-5 வரும்வரை ஏடிஎச்டி, ஆட்டிசம் இரண்டையும் ஒரே பிள்ளைக்குச் சேர்த்துச் சொல்ல அந்தக் கையேட்டின் விதியே இடம் கொடுக்கவில்லை.

உணர்ச்சியைப் புரிந்துகொள்வதிலேயே குறையா, அல்லது முகம் சரியாகக் கண்ணில் படவே இல்லையா? இந்த விவாதம் இன்னும் முடியவில்லை, இரண்டும் கலந்தும் இருக்கலாம். ஆனால் கவனத்தின் பங்கை நாம் ரொம்பக் குறைத்து மதிப்பிடுகிறோம் என்பது என் எண்ணம். சிரிப்பு வாயிலேயே தெரிந்துவிடும், போகிற போக்கில் பார்த்தாலும் போதும். பயம் அப்படியில்லை, அது பெரும்பாலும் அகல விரிந்த கண்ணில் இருக்கிறது, கோபம் நெரிந்த புருவத்தில் இருக்கிறது, அதுவும் சில சமயம் ஒரு நொடிகூட நிற்காமல் மறைந்துவிடுகிறது. அந்த நொடியில் பார்வை வேறெங்கோ இருந்தால், அல்லது முழுதாகப் பார்ப்பதற்குள் மனசு அடுத்த செயலுக்குத் தாவிவிட்டால், அந்தக் கோபம் அந்தப் பிள்ளைக்கு வந்து சேரவே இல்லை.

2005-இல் மூளை ஆய்வாளர் ரால்ஃப் அடால்ஃப்ஸ் குழுவினர் நேச்சர் அறிவியல் இதழில் எழுதிய ஆய்வு ஒன்று உண்டு. மூளையில் பயம் போன்ற உணர்ச்சிகளைக் கையாளும் அமிக்டலா என்ற பகுதி பழுதான ஒரு பெண்ணுக்குப் பயந்த முகம் அடையாளம் தெரியவில்லை. படங்களில் இருந்தவர்களின் கண்களை அவர் பார்க்கவே இல்லை என்று தெரிந்தது. "கண்ணைப் பாருங்கள்" என்று சொன்னதும் மற்றவர்களைப் போலவே பயத்தைச் சரியாகச் சொன்னார். சொல்வதை நிறுத்தியதும் பழையபடி ஆகிவிட்டார். அது ஏடிஎச்டி அல்ல, வயது வந்த ஒருவரின் கதை. ஆனாலும் பார்வை எங்கே போகிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அதைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

உணர்ச்சி அட்டைகளைக் காட்டிப் பழக்குவதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. படத்தில் உள்ள முகம் காத்திருக்கும், உண்மையான முகம் காத்திருக்காது. நாங்கள் வீட்டில் செய்வது வேறு. முதலில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம், அவன் திரும்பும்வரை பொறுக்கிறோம், பிறகு "எனக்கு இப்போது கோபம் வருகிறது" என்று வாயால் சொல்கிறோம். முறைத்தால் புரிந்துகொள்வான் என்று எதிர்பார்ப்பதில்லை. ஆசிரியர்களிடமும் இதையேதான் கேட்கிறேன்: தூரத்தில் நின்று முறைக்காதீர்கள், பக்கத்தில் வந்து சொல்லுங்கள். சொன்ன பிறகு அவன் முகம் எப்படி வாடுகிறது என்று நீங்களும் பாருங்கள்.