ஒரு ஃபர் கடையை மூடிக் கணக்கு முடித்த கதை

மொன்றியல் நகர மையத்தில், மேயர் வீதிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு ஃபர் கோட்டுக் கடைக்கு நீண்ட காலம் கணக்கு எழுதினேன். கடையை மூடி, அது இருந்த நாலு மாடிக் கட்டடத்தை விற்று, வரிக் கணக்கை முடிக்கும் வேலையும் கடைசியில் என் தலையில்தான் விழுந்தது. சொந்தக் கட்டடத்தில் தொழில் நடத்தும் நம்மவர்கள் பலர் ஓய்வை யோசிக்கும் வயதுக்கு வந்துவிட்டார்கள். கடையை விற்பதா, கட்டடத்தை விற்பதா என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன். கடை பெயரும் முதலாளி பெயரும் வேண்டாம்.

முதலாளி கிரேக்கர், கஸ்தோரியாவில் பிறந்தவர். ஃபர் தைப்பதற்கே பேர்போன ஊர் அது. அங்கிருந்து நியூயோர்க்குக்கும் மொன்றியலுக்கும் வந்த குடும்பங்கள்தான் யூதக் குடும்பங்களுக்குப் பிறகு இந்தத் தொழிலைத் தாங்கின. இவரும் எண்பதுகளில் ஒரு யூதக் குடும்பத்திடமிருந்துதான் அந்தக் கட்டடத்தை வாங்கியிருந்தார். மேல் மாடியில் வடக்குப் பார்த்த பெரிய யன்னல்கள். மிங்க் என்ற கீரி போன்ற சிறு விலங்கின் தோல்களை நிறம் பார்த்துச் சேர்க்க நேர்வெயில் உதவாது, சீரான வடக்கு வெளிச்சம் வேண்டும். ஒவ்வொரு தோலையும் ஒடுக்கமான சாய்வு நாடாக்களாக வெட்டி, திரும்ப ஒட்டித் தைத்து நீளமாக்கி, ஈரப்படுத்திப் பலகையில் அறைந்து காயவிடுவார்கள். உள்ளே சில்க் துணி வைத்துத் தைப்பவர் எங்கள் ஊர் அக்கா ஒருவர். எண்பத்துமூன்றுக்குப் பிறகு வந்து அங்கே வேலைக்குச் சேர்ந்தவர்.

தொழில் ஏன் விழுந்தது என்று கேட்டால் எல்லோரும் விலங்குரிமைப் போராட்டத்தைச் சொல்வார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் எங்கள் பேரேட்டைப் பார்த்தால் வேறொன்றும் தெரியும். நல்ல ஃபர் கோட்டைப் பராமரித்தால் முப்பது நாற்பது வருடம் உழைக்கும். எங்களிடம் வாங்கியவர்களின் மகள்மார் புதிதாக வாங்க வரவில்லை. அம்மாவின் கோட்டை வெட்டிச் சிறிதாக்கித் தரச் சொல்லி வந்தார்கள். பிறகு அதற்கும் வரவில்லை. இறகு அடைத்த குளிர்ச்சட்டை வந்தது, காரிலிருந்து நிலக்கீழ்த் தரிப்பிடம், அங்கிருந்து கடைத்தொகுதி என்று குளிரே படாத வாழ்க்கை வந்தது. பெரிய கடைகள் கைவிட்டது கடைசி அடி. 1837இல் கியூபெக் நகரில் தொப்பிக் கடையாகத் தொடங்கி ஃபரால் பெயரெடுத்த ஹோல்ற் ரென்ஃப்ரூ, 2021 முடிவோடு ஃபர் விற்பதை நிறுத்துவதாக அறிவித்தது. 2022க்குப் பிறகு ஃபர் வைத்துத் தைப்பதில்லை என்று குளிர்ச்சட்டைக் கொம்பனியான கனடா கூஸும் சொல்லிவிட்டது. ரொறன்ரோவில் இருந்த வட அமெரிக்க ஃபர் ஏல நிறுவனம் 2019இலேயே கடன்காரரிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. 2020 நவம்பரில் டென்மார்க் கொரோனாப் பயத்தில் மிங்க் பண்ணைகளையெல்லாம் அழிக்க உத்தரவிட்டது. ஏறக்குறைய 1 கோடியே 70 இலட்சம் மிங்க். தோல் வாங்கும் இடமும் கடன் கொடுக்கும் கையும் ஒன்றாகச் சுருங்கின.

அப்படியிருந்தும் எங்கள் கடை வருடா வருடம் சிறிய இலாபம் காட்டியது. அதுதான் முதலாளியைப் பிடித்து வைத்திருந்தது. 2022 இறுதியில் மாநகரத்தின் புதிய மதிப்பீட்டு அறிவித்தல் வந்தது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை வருவது. அந்தமுறை மொன்றியல் தீவு முழுவதும் சராசரி உயர்வு 30 வீதத்துக்கு மேல். சோலைவரியை நினைத்து அவர் திட்டிக்கொண்டிருந்தபோது எனக்கு வேறொரு யோசனை வந்தது. பக்கத்துக் கட்டடங்களின் வாடகையை விசாரித்து, அதே அளவில் எங்கள் கடையும் வாடகை கொடுப்பதாக வைத்து இலாப நட்டக் கணக்கைத் திரும்ப எழுதினேன். பத்து வருடமாக இலாபம் என்று நாங்கள் நம்பியது அத்தனையும் கொடுக்காத வாடகை. தாளை நெடுநேரம் பார்த்துவிட்டு, “அப்போ நான் கடைக்காரன் இல்லை, வீட்டுக்காரன்” என்றார். சொந்தக் கட்டடத்தில் கடை வைத்திருக்கும் எவரும் முதலில் செய்ய வேண்டிய கணக்கு இது. ஆறுதலாக ஒரு மாலை போதும்.

நகர மையத்தில் எல்லாமே விலை ஏறியது என்று நினைக்க வேண்டாம். பெருந்தொற்றுக்குப் பிறகு பல அலுவலகக் கோபுரங்கள் வெறுமையாகக் கிடந்தன. எங்கள் பக்கம் கதை வேறு. 2009இல் திருவிழாச் சதுக்கம் திறந்த பிறகு அந்தச் சுற்றுவட்டாரமே மாறிவிட்டது. முன்பு தையற்கூடங்கள் இருந்த பெல்கோ கட்டடத்தில் இப்போது ஓவியக் காட்சியறைகள். உயர்ந்த கூரை, தோல் மூட்டைகளின் பாரம் தாங்கிய தளம், தடித்த மர உத்தரம், அந்த வடக்கு யன்னல்கள் என்று எங்கள் தொழிலுக்குத் தேவைப்பட்டவை எல்லாம் இப்போது கட்டடக் கலைஞர்களுக்கும் மாடிவீடு தேடுபவர்களுக்கும் வேண்டியிருந்தன.

விற்பது என்று முடிவானதும் முதலில் கட்டடத்தைத்தான் யோசித்தோம். உண்மையில் நீண்டது கோட்டுகள்தான். எங்களுடைய சரக்கைப் பற்றிக் கவலையில்லை. வாசலில் பிரெஞ்சில் விற்றுத் தீர்க்கும் அறிவித்தல் போட்டதும் நாடகக் குழுக்காரர், மாணவர்கள், பழைய ஃபரில் பொம்மைக் கரடி தைப்பவர்கள் என்று ஒரு கூட்டம் வந்து கால் விலைக்கு அள்ளிக்கொண்டு போனது. தையல் மெஷின்களுக்குத்தான் ஆள் இல்லை. அக்காவிடம் ஒன்றை வைத்துக்கொள்ளச் சொன்னேன். “இது விளிம்பைப் பிடிச்சுச் சுத்தித் தைக்கிற மெஷின் தம்பி, பிளவுசுக்கு உதவாது” என்றார். பழைய இரும்பு விலைக்குப் போயின.

சிக்கல் குளிர் அறையில் இருந்தது. கோடைக்கு ஃபரை 10 பாகைக்குக் கீழே, அளவான ஈரப்பதத்தில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் தோல் காய்ந்து வெடிக்கும், பூச்சி அரிக்கும். அதற்காக வாடிக்கையாளர்கள் கொண்டுவந்து விட்டுப்போன கோட்டுகள் வரிசை வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றிலும் மங்கிய மையில் பெயர் எழுதிய மட்டை. பலர் வருடக்கணக்காக வரவேயில்லை. சிலர் இறந்துபோயிருந்தார்கள். மற்றவரின் பொருளைக் கடை மூடுகிறோம் என்பதற்காக விற்கவும் முடியாது, எறியவும் முடியாது. கியூபெக் குடியியல் சட்டக் கோவையில் இதற்கு வழி உண்டு. பாதுகாக்கவோ திருத்தவோ கொடுத்த பொருளை, குறித்த காலம் முடிந்து 90 நாளாகியும் கேட்டு வராவிட்டால் அது மறந்த பொருள். உரியவருக்கு இன்னொரு 90 நாள் அவகாசம் கொடுத்து அறிவித்த பிறகே விற்கலாம். விற்க முடியாததைத் தருமத்துக்குக் கொடுக்கலாம். ஆகவே எல்லோருக்கும் பதிவுத் தபால் போட்டோம். திரும்பி வந்த உறைகளை உடைக்காமல் திகதியோடு அடுக்கி வைத்தேன். பிறகு ஒருவர் சட்டத்தரணியோடு வந்தபோது அந்த உறைதான் பேசியது.

அங்கே ஒசெலொட் என்ற காட்டுப்பூனையின் தோலில் தைத்த கோட்டு ஒன்றும் கிடந்தது. அறுபதுகளில் வாங்கியது. பொஸ்டனில் இருக்கும் மகள் கூரியரில் அனுப்பச் சொன்னார். ஒசெலொட் இப்போது, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் உள்ள விலங்கு. உரிய அனுமதிகள் இல்லாமல் எல்லை தாண்டினால் பறிமுதல்தான். அம்மாவின் கோட்டை அனுப்ப அரசாங்கத்தைக் கேட்க வேண்டுமா என்று தொலைபேசியில் கத்தினார். கடைசியில் ரொறன்ரோவில் இருந்த தம்பி வந்து எடுத்துப் போனார்.

இதற்கிடையில் கட்டடத்துக்கு ஆள் கிடைத்தார். வாக்குறுதி ஒப்பந்தம் எழுதியதும் அவர்கள் ஆய்வாளர்களைக் கூட்டிவந்து மூலைமுடுக்கெல்லாம் நோண்டினார்கள். குளிர் அறைச் சுவரில் தக்கை அடைத்திருந்தது, குழாய்களைச் சுற்றி கல்நார் (அஸ்பெஸ்டஸ்). வீதிப் பக்கத்து யன்னல்களை முந்தின காலத்தில் யாரோ அலுமினியமாக மாற்றியிருந்தார்கள். பழைய கட்டடத்தின் முகப்பைத் தொட்டால் மாநகரம் வரைபடம் கேட்கும், பழைய தோற்றத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கும். அந்தச் செலவையெல்லாம் விலையில் கழித்துக்கொள்ளப் பார்த்தார்கள். பழமைக்காகக் கூடுதல் விலை கொடுக்கிறேன் என்பவர், அதே பழமையைக் காட்டித்தான் விலையைக் குறைப்பார். முதலாளி கல்நாருக்கு இறங்கினார், யன்னலுக்கு இறங்கவில்லை. நல்ல வியாபாரி.

அடுத்தது நில அளவையாளரின் அமைவிடச் சான்றிதழ். எங்களிடம் இருந்தது கட்டடம் வாங்கிய காலத்தது. நொத்தாரிசு அதைத் தொடவே மறுத்தார். புதிதாக அளந்தபோது பின்புறத் தீத்தப்பு ஏணி அயலவரின் காணிக்குள் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது. அவரோடு ஓர் உடன்பாடு எழுதி உறுதியில் ஏற்றும்வரை எல்லாம் நின்றுவிட்டது. விற்கும் எண்ணம் வந்த அன்றே அளவையாளரைக் கூப்பிடுங்கள், வாங்குபவர் வரும்வரை பார்த்திருக்க வேண்டாம்.

அந்த நேரம் பார்த்து மத்திய அரசின் 2024 ஏப்ரல் வரவுசெலவுத் திட்டம் வந்தது. சொத்து விற்ற இலாபத்தில் அதுவரை பாதிக்குத்தான் வரி. ஜூன் 25இலிருந்து கொம்பனிகளுக்கு மூன்றில் இரண்டு பங்குக்கு வரி என்றார்கள். நாங்கள் அவசரப்படுவதை வாங்குபவர் மணந்து பிடித்து, திகதிக்கு முன் முடிக்க வேண்டுமானால் இன்னும் குறையுங்கள் என்றார். ஏணி விவகாரம் முடியாததால் குறைத்தாலும் முடித்திருக்க முடியாது. திகதி கடந்து போனது, அவருடைய பிடியும் விட்டது. இலையுதிர் காலத்தில் நாங்கள் கேட்ட விலைக்கே கையெழுத்தானது. கூடுதல் வரிக்கென்று ஒரு தொகையை ஒதுக்கி வைத்தேன். 2025 ஜனவரியில் அந்த மாற்றத்தைத் தள்ளிப்போட்டு, மார்ச்சில் கைவிட்டே விட்டார்கள்.

வரியில் பலர் மறப்பது இன்னொன்று. கட்டடம் தேய்கிறது என்று வருடா வருடம் நாலு வீதம் கழித்திருப்போம். விற்கும்போது, வாங்கிய விலைக்கு உட்பட்டு அந்தக் கழிவு முழுவதும் ஒரே வருட வருமானமாகத் திரும்பி வரும், அதற்கு முழு வரி. நல்ல பக்கமும் உண்டு. இலாபத்தில் வரியில்லாத பாதியை, உரிய படிவம் நிரப்பி, பங்குதாரருக்கு வரியின்றியே கொம்பனி கொடுக்கலாம். அதனால் பணம் வந்த கையோடு கொம்பனியைக் கலைத்துவிடக் கூடாது.

அக்காவுக்குச் சட்டப்படி எட்டு வார முன்னறிவித்தல். முதலாளி அதற்கு மேலேயே கொடுத்தார், எவ்வளவு என்று எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன். கொம்பனி இன்னும் கலையவில்லை. வரித் திணைக்களம் கேட்டால் காட்ட ஆறு வருடக் கணக்கு கையில் இருக்க வேண்டும். கட்டடம் போய்விட்டதால் அந்தப் பெட்டிகளெல்லாம் இப்போது என் வீட்டு நிலவறையில் அடுக்கியிருக்கின்றன. அதற்கு நான் அவரிடம் வாடகை கேட்டிருக்கிறேன்.