தூரத்து டேபிளை இங்கிருந்தே க்வெரி செய்தபோது

வாடிக்கையாளர் விவரம் ஒரு போஸ்ட்கிரெஸ் (டேட்டாபேஸ் மென்பொருள்) சர்வரில், ஆர்டர் விவரம் வேறொன்றில். ரிப்போர்ட்டுக்கு இரண்டையும் ஜாயின் செய்ய வேண்டும், அதாவது ஒரே க்வெரியில் இணைக்க வேண்டும். அதுவரை ஓடிக்கொண்டிருந்தது சிஎஸ்வி கூத்துதான்: அங்கே எக்ஸ்போர்ட், இங்கே இம்போர்ட், கணக்குப் பார்த்து முடிப்பதற்குள் அங்கே டேட்டா மாறியிருக்கும். டேபிள் பெயருக்கு முன்னால் டேட்டாபேஸ் பெயரைச் சேர்த்து எழுதினாலும் போஸ்ட்கிரெஸ் ஒத்துக்கொள்ளாது. ஒரே சர்வருக்குள் இருக்கும் இரண்டு டேட்டாபேஸ்களுக்கே அந்த வசதி கிடையாது.

முதலில் டிபிலிங்க்கை எடுத்தேன். வேறொரு டேட்டாபேஸுக்கு க்வெரி அனுப்பும் பழைய எக்ஸ்டென்ஷன் (கூடுதலாகச் சேர்க்கும் வசதி), வேலை செய்யும். ஆனால் அனுப்பும் க்வெரி முழுவதையும் ஒரு ஸ்ட்ரிங்காக எழுதி, திரும்பி வரும் ஃபீல்டுகளின் பெயரையும் டைப்பையும் ஒவ்வொரு முறையும் நாமே அடுக்க வேண்டும். வெளியே எழுதும் 'வேர்' நிபந்தனை (எந்த வரிசைகள் வேண்டும் என்று வடிகட்டுவது) அந்த ஸ்ட்ரிங்குக்குள் போகவே போகாது. எப்போதாவது ஒரு கட்டளையை அந்தப் பக்கம் ஓட்டுவதற்கு டிபிலிங்க் போதும். தினமும் ஜாயின் செய்ய அது சரிப்படாது.

அப்புறம் போஸ்ட்கிரெஸ் எஃப்டிடபிள்யூ. வேறொரு சர்வரில் இருக்கும் டேபிளை இங்கேயே இருப்பதுபோல் காட்டும் எக்ஸ்டென்ஷன்; அப்படிக் காட்டப்படுவதுதான் ஃபாரின் டேபிள். 2013-ல் 9.3 பதிப்போடு வந்தது. எக்ஸ்டென்ஷனைப் போட்டு, சர்வரை அறிவித்து, யூசர் மேப்பிங் (அங்கே எந்த யூசராக நுழைவது என்பது) கொடுத்து, 'இம்போர்ட் ஃபாரின் ஸ்கீமா' என்று ஒரு கட்டளை (ஸ்கீமா என்பது டேபிள்களின் தொகுப்பு). தேவையான டேபிள்களை மட்டும் 'லிமிட் டு' வைத்து இழுத்துக்கொள்ளலாம். டைப் பொருத்தம் பார்க்கும் வேலை மிச்சம்.

கனெக்‌ஷன் கிடைப்பதில்தான் கொஞ்சம் இழுபறி. என் மெஷினிலிருந்து அந்த சர்வருக்குள் நன்றாகப் போக முடிந்தது, ஃபாரின் டேபிளைத் தொட்டால் மட்டும் டைம்அவுட். காரணம் எளிது: கனெக்‌ஷன் எடுப்பது நானல்ல, என் டேட்டாபேஸ் சர்வர். ஃபயர்வாலிலும் அந்தப் பக்கத்து பிஜி-எச்பிஏ கோப்பிலும் (யாரை எங்கிருந்து உள்ளே விடலாம் என்று சொல்வது) இருக்க வேண்டியது இந்த சர்வரின் ஐபி. நெட்வொர்க் குழுவிடம் கேட்கும்போதே இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள், பாதி மெயில் குறையும். அந்தப் பக்கம் படிக்க மட்டும் உரிமையுள்ள தனி யூசரைக் கேட்டு வாங்கியதும் நல்லதாகப் போயிற்று. ஃபாரின் டேபிளில் இன்சர்ட், அப்டேட், டெலீட் எல்லாமே செல்லும், தவறிப்போய் ஒன்று ஓடிவிட்டால் போச்சு.

க்வெரி ஓடியது, ஆனால் நகரவே இல்லை. கடைசி ஒரு நாள் ஆர்டர்களைத்தான் கேட்டிருந்தேன். 'எக்ஸ்பிளெய்ன் வெர்போஸ்' போட்டால் 'ரிமோட் எஸ்க்யூஎல்' என்றொரு வரி வரும்; அங்கே உண்மையில் என்ன அனுப்பப்படுகிறது என்பது அதில் தெரியும். பார்த்தால் தேதி நிபந்தனையே அதில் இல்லை. முழு டேபிளையும் இங்கே வரவழைத்து, இங்கே உட்கார்ந்து வடிகட்டிக்கொண்டிருந்தது.

குற்றவாளி, இப்போதைய நேரத்தைத் தரும் 'நவ்' ஃபங்ஷன். இரண்டு பக்கமும் ஒரே விடை தரும் என்று உறுதியாகத் தெரிந்தவற்றைத்தான் எஃப்டிடபிள்யூ அங்கே தள்ளும், அதாவது இம்யூட்டபிள் (ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடை தரும்) ஃபங்ஷன்களையும் ஆபரேட்டர்களையும். நவ் ஸ்டேபிள் ரகம் (ஒரு க்வெரிக்குள் மட்டும்தான் விடை மாறாது), ஆகவே தள்ளாது. நேரத்தை முதலிலேயே கணக்கிட்டு, டைம்ஸ்டாம்ப் மதிப்பாகவே க்வெரியில் வைத்தேன். உடனே அந்த நிபந்தனை ரிமோட் எஸ்க்யூஎல் வரிக்குள் போய்ச் சேர்ந்தது, அங்கிருக்கும் இண்டெக்ஸும் பயன்பட்டது. இதற்கு மேல் செய்த எதுவும் இந்த ஒரு திருத்தத்துக்கு ஈடாகவில்லை.

இருந்தாலும் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒரு முறைக்கு எத்தனை வரிசை கொண்டுவருவது என்பதைச் சொல்லும் 'ஃபெட்ச் சைஸ்' இயல்பாக 100. ஒரு லட்சம் வரிசை என்றால் 1,000 முறை போய்வர வேண்டும்; 10,000 ஆக்கினால் 10 முறை. அடுத்து, டேபிள்களைத் தானாகப் பராமரிக்கும் ஆட்டோவேக்கம், ஃபாரின் டேபிள்களை அனலைஸ் செய்யாது (புள்ளிவிவரம் எடுக்காது). நாமே செய்யாவிட்டால், க்வெரியை எப்படி ஓட்டுவது என்று முடிவெடுக்கும் பிளானர் குருட்டாம்போக்கில் ஜாயின் முறையைத் தேர்ந்தெடுக்கும். 'யூஸ் ரிமோட் எஸ்டிமேட்' என்று ஒரு செட்டிங் உண்டு, ஆனால் பிளான் போடும்போதே மதிப்பீட்டை அங்கே கேட்டுவரும், சின்ன க்வெரிக்கு அது வீண் செலவு.

ஒரு வியூ (சேமித்து வைத்த க்வெரி) மட்டும் கடைசி வரை மல்லுக்கட்டியது. அந்த சர்வரில் நேரடியாக ஓட்டினால் சரி. இங்கிருந்து கேட்டால் டேபிளே இல்லை என்கிறது. எஃப்டிடபிள்யூ திறக்கும் செஷனில் சர்ச் பாத் (ஸ்கீமா சொல்லாத பெயரைத் தேடும் இடம்) பிஜி-கேட்டலாக் என்ற உள் ஸ்கீமா மட்டும்தான். அந்த வியூ கூப்பிடும் ஃபங்ஷனுக்குள் டேபிள் பெயர் ஸ்கீமா இல்லாமல் எழுதப்பட்டிருந்தது. ஸ்கீமா பெயரைச் சேர்க்கச் சொன்னேன், அல்லது அந்த ஃபங்ஷனுக்கே 'செட் சர்ச் பாத்' வைக்கலாம் என்றேன். இரண்டாவதைச் செய்து கொடுத்தார்கள்.

இப்போது ரிப்போர்ட் நேரடியாக ஃபாரின் டேபிளைத் தொடுவதில்லை. நடுவில் ஒரு மெட்டீரியலைஸ்டு வியூ (விடையையே சேமித்து வைக்கும் வியூ), இரவில் ரிஃப்ரெஷ் ஆகிறது. அந்த சர்வர் கீழே போனாலும் நேற்றைய எண்களாவது கிடைக்கும். அவர்கள் ஒரு ஃபீல்டின் பெயரை மாற்றினால் ரிஃப்ரெஷ் எரர் அடிக்கும், ஃபாரின் டேபிளையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். புதிதாக ஒன்று சேர்த்தால் எரர்கூட வராது, இங்கே அது தெரியாமலே கிடக்கும். அதனால் ஸ்கீமா மாற்றம் வரும்போது எங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லியிருக்கிறோம். பெரும்பாலும் சொல்கிறார்கள்.