வீட்டில் எத்தனை பேர்?

முதலாம் வருடச் சமூகவியல் கொப்பிகளில் பெயர்களுக்குக் குறைவில்லை. கொம்ட் என்றால் சமூகவியலின் தந்தை, டேர்கைம் என்றால் சமூக நேர்வு, வேபர் என்றால் விளங்கிக்கொள்ளல், மார்க்ஸ் என்றால் வர்க்கம். பரீட்சைக்கு அது காணும். அதே கொப்பியைப் பையில் வைத்துக்கொண்டு கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடிக் கதவைத் தட்டி, "வீட்டில் எத்தனை பேர் இருக்கிறீங்கள்?" என்று கேட்கும்போதுதான் அது கைவிடும். வினாக்கொத்தின் முதல் கேள்வி அது. ஆக இலகுவானது என்று நினைத்துத்தான் முதலில் போடுகிறார்கள். ஆகக் கடினமான கேள்வி அதுதான்.

காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் நாலு அறை வீடு என்று வைத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, உயர்தரம் படிக்கும் மகள். மூத்தவர் ரொறன்ரோவில், அவருடைய அறை பூட்டிக் கிடக்கிறது. கிளினிக்குக்கென்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அம்மம்மா மூன்று மாதமாகப் பேத்தியின் அறையில் படுக்கிறார். வாசலோடு ஒட்டிய அறையில் ஒரு வங்கி ஊழியர் போர்டிங். சாப்பாடு கடையில், வெள்ளி பின்னேரம் பஸ் ஏறிவிடுவார். குசினிக்குப் பின்னால் பாய் விரித்துப் படுப்பவர் ஹட்டன் பக்கத்திலிருந்து வந்து இரண்டு வருடமாக வீட்டு வேலை செய்யும் பெண்.

கதவைத் திறக்கும் அம்மா சொல்லும் பதில், "நாங்கள் நாலு பேர்." அவர் எண்ணியது தன்னையும் கணவரையும் இரண்டு பிள்ளைகளையும்.

இப்போது வரைவிலக்கணத்தை மாற்றி மாற்றிப் பார்ப்போம். நேற்றிரவு இந்தக் கூரையின் கீழ் படுத்தவர்கள் என்று கேட்டால், கிழமை நாளில் ஆறு பேர், ஞாயிறு காலையில் கேட்டால் ஐந்து பேர். ஆறு மாதத்துக்கு மேல் இங்கே இருந்து ஒரே உலையில் சாப்பிடுபவர்கள் என்று கேட்டால் அப்பா, அம்மா, மகள், வேலை செய்யும் பெண் என நாலு பேர். வங்கி ஊழியர் ஒரே கதவுக்குள் இருந்தாலும் தனி ஒரு வீட்டுத்துறை, அதாவது சாப்பாடு தனியாக உள்ள ஓர் அலகு. அம்மா சொன்னதும் நாலு, வரைவிலக்கணம் சொல்வதும் நாலு. எண் ஒன்று, ஆட்கள் வேறு. நாளைக்குப் போய்த் திரும்பக் கேட்டாலும் அம்மா நாலு என்றே சொல்வார். எத்தனை தடவை கேட்டாலும் ஒரே பதில் வருவதை நம்பகத்தன்மை என்கிறோம். அளக்க வந்ததை அளந்தோமா என்பது செல்லுபடித்தன்மை. முதலாவது இருந்து இரண்டாவது இல்லாமல் போவதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

ஆகவே வினாக்கொத்து அடிக்க முதல் செய்யவேண்டியது, "வீட்டில் இருப்பவர்" என்ற எண்ணக்கருவைக் கதவடியில் பாவிக்கக்கூடிய அளவுகோலாக மாற்றுவது. செயற்பாட்டு வரைவிலக்கணம் என்று பாடத்தில் வருவது இதைத்தான். பிறகு எண்ணிக்கையைக் கேட்கவே கூடாது. ஆட்பட்டியலைக் கேட்கவேண்டும்: நேற்றிரவு யார் யார் படுத்தார்கள், ஒவ்வொருவரும் எத்தனை மாதமாக இருக்கிறார்கள், யார் யார் ஒரே சமையல். வேலைக்கு நிற்பவர்கள், கைக்குழந்தைகள், வாடகைக்கு இருப்பவர்கள் பற்றிப் பட்டியலின் கடைசியில் தனித்தனியாக ஒரு தடவை கேட்கவேண்டும். மறந்துபோவது இந்த மூன்று வகையினரைத்தான். கூட்டலை நீங்கள் அறையில் இருந்து போட்டுக்கொள்ளலாம்.

இந்தக் கதவுக்கு முன்னால் நிறுத்தினால் பழைய ஆட்களும் கொஞ்சம் உயிர்பெறுகிறார்கள். கொம்டைச் சுருக்கமாக முடித்துவிடலாம். சமூகவியல் என்ற சொல்லை 1838 இல் அச்சில் கொண்டுவந்தவர். அதற்கு முதல் அவர் பாவித்தது சமூக பௌதிகவியல் என்ற சொல். பெல்ஜியத்துப் புள்ளிவிபரக்காரர் கெற்லே அதைத் தன் வேலைக்கு எடுத்துக்கொண்டதால் புதிதாக ஒன்று தேவைப்பட்டது. பெயர் வைத்தவர் கள ஆய்வு எதுவும் செய்யவில்லை.

அதே 1838 இல் ஆங்கில எழுத்தாளர் ஹரியட் மார்ட்டினோ ஒரு புத்தகம் வெளியிட்டார். மக்களின் பழக்கவழக்கங்களை எப்படி அவதானிப்பது என்பதுதான் விடயம். பாடத்திட்டங்களில் அவருக்குப் பாதிப் பக்கம்கூடக் கிடைப்பதில்லை என்பது என் மனக்குறை. முதலில் பொருட்களைப் பார், ஆட்களின் பேச்சை அதற்கு விளக்கமாக வை என்பது அவர் சொன்ன முறை. கல்லறை வாசகங்கள், பதிவேடுகள், பாட்டுகள் எல்லாம் அவருக்குத் தரவு. காது கேளாதவர், கேட்குங்குழலோடு அமெரிக்கா முழுக்கச் சுற்றியவர். நம் தொடர்மாடியில் இந்த முறை எப்படி வேலை செய்யும்? வாசலில் கிடக்கும் செருப்புச் சோடிகள், பல்கனிக் கொடியில் காயும் உடுப்புகளின் அளவு, 12.5 கிலோ காஸ் சிலிண்டர் எத்தனை நாளுக்கு வருகிறது என்பது. நாலு பேர் என்று சொன்ன வீட்டில் ஏழு சோடி கிடந்தால் பட்டியலை இன்னொரு தடவை மெதுவாக வாசித்துக் காட்டலாம். ஆனால் செருப்பைச் சாட்சியாக வைத்து ஆளை மடக்கக் கூடாது. மடக்கினால் அடுத்த கேள்வி எதற்கும் உண்மை வராது.

டேர்கைம் 1895 இல் சொன்ன சமூக நேர்வு, தனிமனிதருக்கு வெளியே இருந்து அவரைக் கட்டுப்படுத்தும் ஒன்று. படிவத்தில் "குடும்பத் தலைவர்" என்ற வரியைப் பாருங்கள். வாடகை பேசுவது, பள்ளிக்கூடத்துக்குப் போவது, மின்சாரக் கட்டணம் கட்டுவது எல்லாம் அம்மா. கேட்டால் அவரே அப்பாவின் பெயரைத்தான் சொல்வார். அப்பா கட்டாரில் இருந்தாலும் அதே பதில் வரும். அந்தப் பதில் அந்த அம்மாவின் சொந்த அபிப்பிராயம் அல்ல, ஒழுங்கை முழுக்க அதே பதில்தான். வேபருக்கு இது போதாது. பூட்டிய அறையில் இருப்பவரை, கடல் கடந்து இருப்பவரை, அம்மா ஏன் "வீட்டில்" எண்ணினார், அந்தச் சொல்லுக்கு அவர் கொடுத்த அர்த்தம் என்ன என்று அவர் கேட்பார். இரண்டு சைக்கிள்கள் மோதுவது வெறும் சம்பவம், மோதாமல் விலக்க முயல்வதும் மோதியபின் ஏசிக்கொள்வதும் சமூகச் செயல் என்பது வேபரின் உதாரணம். அம்மாவின் "நாலு" பிழையான தரவு என்று அழிப்பவர் பாதி வேலையைத்தான் செய்கிறார். அதைத் தனியாகக் குறித்துவைப்பவருக்கு இரண்டு ஆய்வுகள் கிடைக்கின்றன: வீட்டில் இருப்பவர்கள் யார், அம்மா தன் வீட்டார் என்று எண்ணுவது யாரை.

மார்க்ஸும் ஒரு வினாக்கொத்து தயாரித்தவர் என்பது பலருக்குப் புதினம். 1880 இல் பிரெஞ்சுத் தொழிலாளர்களுக்காகச் சுமார் நூறு கேள்விகள். 25,000 பிரதிகள் போனதாகச் சொல்லப்படுகிறது, திரும்பி வந்தவை மிகச் சொற்பம். பத்து மணிநேரம் வேலை செய்து வந்தவரிடம் நூறு கேள்வி கேட்டால் அதுதான் நடக்கும். கதவடியில் நின்று கேட்பதென்றால் 20 நிமிடத்துக்குள் முடியவேண்டும். முன்னோட்டமாக 10 வீடுகளில் மணிக்கூடு பார்த்துச் செய்தால் எந்தக் கேள்விகளை வெட்டுவது என்று தெரிந்துவிடும்.

இவர்களில் அந்தத் தொடர்மாடிக்கு ஆகப் பொருத்தமானவர் அமெரிக்கக் கறுப்பினச் சமூகவியலாளர் டு போய்ஸ். 1896, 97 இல் பிலடெல்பியாவின் ஏழாம் வட்டாரத்தில் கறுப்பின மக்களின் வீடு வீடாகத் தானே ஏறி இறங்கினார். கையில் ஒரு படிவம் அல்ல, ஆறு. குடும்பத்துக்கு, தனியாளுக்கு, வீட்டுக்கு, தெருவுக்கு, நிறுவனங்களுக்கு என்று ஐந்து. ஆறாவது, வேலை செய்யும் வீட்டிலேயே தங்கும் பணியாளருக்கு. எசமானி தன் வீட்டுப் பட்டியலில் அவர்களைச் சொல்லமாட்டார், சொந்த வீட்டிலும் அவர்கள் இல்லை, ஆகவே தனிப் படிவம் இல்லாவிட்டால் இரண்டு இடத்திலும் தவறிவிடுவார்கள். கொழும்பில் இன்றைக்கும் இது அப்படியே பொருந்தும். ஹட்டன் பெண்ணை வீட்டு அம்மாவின் முன்னால் வைத்துச் சம்பளமும் லீவும் கேட்பதில் பிரயோசனம் இல்லை. அம்மாவே பதில் சொல்லிவிடுவார். லீவு நாளிலோ, செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு வரும்போதோ, அவர் சம்மதித்தால், பெயர் எழுதாமல் பேசவேண்டும்.

இந்த ஒரு ஆளை நேரில் கேட்காமல் வட்டாரச் சராசரியை வைத்து ஊகித்தால் பிறகு கணக்கும் சறுக்கும். அமெரிக்காவில் ரொபின்சன் என்பவர் 1950 இல் காட்டியது இது: வெளிநாட்டில் பிறந்தவர்கள் கூடுதலாக வாழும் மாநிலங்களில் எழுத்தறிவு கூடுதலாக இருந்தது. ஆளை ஆளாகப் பார்த்தால் வெளிநாட்டில் பிறந்தவர்களின் எழுத்தறிவு குறைவு. அவர்கள் வேலை தேடிப் போனது எழுத்தறிவு கூடிய மாநிலங்களுக்கு, அவ்வளவுதான். தங்கி வேலை செய்யும் பெண்கள் நிறைந்த வட்டாரத்தில் சராசரிக் கல்வி உயர்வாக இருக்கலாம். அதை வைத்து அந்தப் பெண்கள் படித்தவர்கள் என்று எழுதினால் அதே பிழை.

பாடப்புத்தகங்கள் தொடாத ஒரு காரணமும் கொழும்பில் இருக்கிறது. யுத்த காலத்தில் தமிழ் வீடுகளில் தங்கியிருப்பவர்களின் விபரம் பொலிஸில் பதியப்பட்டது. 2007 ஜூன் 7 அன்று கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்கள் நூற்றுக்கணக்கில் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள்; மறுநாள் உயர் நீதிமன்றம் அதை நிறுத்தியது. கையில் படிவத்தோடு ஒரு அந்நியர் வந்து "வீட்டில் யார் யார்?" என்று கேட்பது வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பலருக்கு வெறும் கேள்வி அல்ல. பட்டியலிலிருந்து முதலில் விடுபடுபவர்கள் போர்டிங்காரரும் ஊரிலிருந்து வந்தவர்களும். ஆகவே அடையாள அட்டை இலக்கம் கேட்காதீர்கள். நிறுவனக் கடிதத்தை முதலே காட்டுங்கள். ஆட்பட்டியலில் பெயர் வேண்டாம், உறவுமுறையும் வயதும் போதும். "அம்மம்மா, 74" என்றால் வேலை முடிந்தது.

மாதிரி எடுப்பில், அதாவது எல்லா வீடுகளுக்கும் போகாமல் சிலவற்றைத் தெரிவதில், வரும் பிழை வேறு வகை. 2,400 வீடுகள் உள்ள பகுதியில் 120 வேண்டும் என்றால் இடைவெளி 20. ஒன்றிலிருந்து இருபதுக்குள் குலுக்கி 7 வந்தால் 7, 27, 47 என்று போவது முறைசார் மாதிரி. அழகாகத்தான் இருக்கும், மாடிக்கு நாலு வீடுள்ள தொடர்மாடிகள் வரிசையாக வரும்வரை. 20 என்பது நாலின் மடங்கு. எந்த மாடியிலும் மூன்றாவது வீடுதான் விழும். மூன்றாவது வீடு இரண்டு அறைச் சிறிய வீடாக இருந்தால் சராசரிக் குடும்ப அளவு நேர்மையாகவே பிழையாகிவிடும். இடைவெளியை 19 ஆக்கினால் 126 வீடுகள் வரும், மாடியில் எத்தனையாவது வீடு என்பது மாறி மாறி விழும். வாக்காளர் இடாப்பை வைத்து மாதிரி எடுப்பவர்கள், ஊரிலே பதிந்துவிட்டுக் கொழும்பில் வேலை செய்பவர்கள் அதில் இல்லை என்பதை மறக்கக் கூடாது. நம் வங்கி ஊழியரும் ஹட்டன் பெண்ணும் அங்கேயும் இல்லை. வீடுகளை நடந்து எண்ணி நீங்களே பட்டியல் போடுவதுதான் திறம்.

120 வீடுகளின் மாதிரி விகிதங்களுக்கு மேலும் கீழும் சுமார் 9 வீத வழு, அதாவது தவறும் எல்லை, தரும். 400 எடுத்தால் 5 வீதம். வழுவைப் பாதியாக்க மாதிரி நாலு மடங்காகவேண்டும். ஆனால் பூட்டிய கதவுகளின் வழு இந்தக் கணக்கில் சேராது. பகலில் பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டைத் தட்டுவது நம் மாணவர்களின் பெரிய வியாதி. பகலில் திறக்கும் கதவு ஓய்வு பெற்றவர் கதவு. மூன்று தடவை திரும்பிப் போங்கள்: ஒரு வேலைநாள் ஏழு மணிக்குப் பிறகு, ஒரு சனி, ஒரு போயா விடுமுறை. அதன் பின்னும் கிடைக்காவிட்டால் "கிடைக்கவில்லை" என்று எழுதுங்கள்.

மூன்று மொழி நகரத்தில் சொல்லும் கவிழ்க்கும். சிங்களத்தில் ஜாதிய என்றால் இனம். சிங்களப் படிவத்திலிருந்து அவசரமாக மொழிபெயர்ப்பவர் அதைச் "சாதி" என்று போட்டால், தமிழ் வீட்டில் கதவு அந்த இடத்திலேயே மூடும். "வீட்டுக்காரர் யார்?" என்றால் ஒருவர் கணவரைச் சொல்வார், ஒருவர் வாடகை வாங்குபவரைச் சொல்வார். தமிழ் வினாக்கொத்தை, மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்துத் திருப்பிச் சிங்களத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பிழை தானாகத் தெரியும்.

பதில்களைக் கணினியில் பதியும்போது பதில் இல்லாத இடத்துக்கு 99 போடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. 117 வீடுகளின் சராசரி 4.2, மூன்று வீடுகள் 99 என்று கிடந்தால், மென்பொருள் 120 வீட்டுக்கும் 6.6 என்று காட்டும். 99 ஐ விடுபட்ட பெறுமதி என்று மென்பொருளுக்கு முதலே சொல்லிவைக்கவேண்டும், அல்லது கட்டத்தை வெறுமையாக விடவேண்டும். பூச்சியம் போட்டால் அதைவிட மோசம்: சராசரி 4.1 ஆக இறங்கும், யாருக்கும் சந்தேகம் வராது.