நடுக்கட்டத்தில் ஒரு டிக்

பிப்ரவரி 3, செவ்வாய்

ஆய்வேட்டுத் தலைப்பு முடிவாகிவிட்டது: கலப்பு முறைக் கற்றல் பற்றி மாணவர்கள் என்ன நினைக்கிறார்கள். வாரத்தில் மூன்று நாள் வகுப்பறை, இரண்டு நாள் ஆன்லைன் என்று நாங்களே அதில்தான் கிடக்கிறோம். ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. வினாத்தாளுக்கு லைக்கர்ட் அளவுகோல். 1932இல் வந்தது, இன்றும் எங்கள் துறையில் அதை விட்டால் கதியில்லை. ஒவ்வொரு வரிக்கும் ‘சற்றும் உடன்படவில்லை’ (1) தொடங்கி ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ (5) வரை ஐந்து கட்டங்கள்.

பிப்ரவரி 5, வியாழன்

நூலக வாசலில் நாலைந்து பேரைப் பிடித்து ஒத்திகை பார்த்தேன். ‘ஆன்லைன் வகுப்பு எனக்குப் பிடிக்கும்’ என்ற வரியில் இரண்டு பேர் நடுக்கட்டத்தில் டிக் போட்டிருந்தார்கள். ஏன் என்று கேட்டேன். ஒருத்தி பகுதிநேர வேலைக்குப் போகிறாள். பதிவு செய்த பாடங்கள் இல்லையென்றால் படிப்பையே விட்டிருப்பாளாம். ஆனால் சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்று அழாத குறையாகச் சொன்னாள். இன்னொருவன், “எதுவானாலும் எனக்கு ஒன்றுதான், எதிலும் நான் கவனிப்பதில்லை” என்று சிரித்தான்.

என் அட்டவணையில் இரண்டு பேருக்கும் ஒரே எண். 3.

பிப்ரவரி 6, வெள்ளி

கைடு மேடமிடம் சொன்னேன். “அப்போ பேட்டியும் எடு” என்றார். சரி, வேலை இரட்டிப்பு.

பிப்ரவரி 10, செவ்வாய்

நாள் முழுக்க வாசிப்பு. அமெரிக்கக் கல்வித் துறை 2010இல் பல ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்ட அறிக்கையில், நேரடி வகுப்பில் மட்டும் படித்தவர்களைவிடக் கலப்பு முறையில் படித்தவர்கள் சற்று நன்றாகவே செய்திருக்கிறார்கள். துள்ளிக் குதிப்பதற்குள் அடுத்த பத்தி: அவர்களுக்குப் பெரும்பாலும் கூடுதல் நேரமும் கூடுதல் பாடப்பொருளும் கிடைத்திருக்கின்றன. அப்புறம் ஹார்வர்டு இயற்பியல் மாணவர்களிடம் நடந்த 2019 ஆய்வு. தாங்களே கணக்குப் போட்டுப் பார்த்த வகுப்பில்தான் தேர்வு மதிப்பெண் அதிகம். ஆனால் சரளமான விரிவுரையைக் கேட்டவர்கள்தான் நிறையக் கற்றதாக நினைத்துக்கொண்டார்கள். அப்படியானால் என் வினாத்தாள் எதை அளக்கிறது? தூக்கம் வரவில்லை.

பிப்ரவரி 16, திங்கள்

இன்று ஆன்லைன் நாள். கேமராவையும் மைக்கையும் அணைத்துவிட்டுப் பேட்டிகளைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். திடீரென்று என் பெயர். மைக் பொத்தானைத் தேடுவதற்குள் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். கேள்வி என்னவென்றே தெரியாது. “நெட்வொர்க் சரியில்லை சார்.”

வகுப்பு முடிந்ததும், போன வாரம் சோதனைக்காக நானே நிரப்பிய வினாத்தாளை எடுத்துப் பார்த்தேன். ‘ஆன்லைன் வகுப்பை முழுக் கவனத்துடன் கேட்கிறேன்.’

4 போட்டிருக்கிறேன்.