தண்டனைக்கு எத்தனை சொற்கள்!

நேற்று இரவு ஆங்கில அகராதியைப் புரட்ட உட்கார்ந்தவன், தண்டனையைச் சொல்லும் சொற்களிலேயே நின்றுவிட்டேன். விதியை மீறினால் பெனால்டி, நீதிபதி விதித்தால் சென்டன்ஸ். சரி, இவை தெரிந்தவைதான்.

‘ஃபைன்’ வந்த வழிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. லத்தீனில் ‘ஃபினிஸ்’ என்றால் முடிவு. பணத்தைக் கட்டியதும் விவகாரம் முடிந்தது, அவ்வளவுதான். அப்புறம், வலியைக் குறிக்கும் ‘பெயின்’. அதுவும் பெனால்டியும் ஒரே வேரில் பிறந்தவை. ஆங்கிலத்துக்கு வந்த புதிதில் பெயினுக்குத் தண்டனை என்ற பொருளும் இருந்தது.

‘சேங்ஷன்’ இன்னும் விசித்திரம்: அனுமதியும் அதுவே, தடையும் அதுவே.

‘டிசிப்ளின்’ என்ற சொல்லில்தான் மனசு கனத்துப்போனது. அதன் வேரான ‘டிசிபுலஸ்’ என்றால் மாணவன். கற்றுக்கொடுப்பதற்குப் பிறந்த சொல். அதைச் சொல்லித்தான் எத்தனை பிள்ளைகளை அடித்திருக்கிறார்கள்!